கரண்ட் வைக்கிற அக்கா

என் அக்கா மதுமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று செஞ்சி பஜாரில் இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கே அரைகுறைதான். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கும், ஆனால் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தர மாட்டாள். எதிர்க்கடையில் வளையல் விற்கும் வசந்தா அக்கா ஒரு முறை முழங்கால் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் அந்த டாக்டர் இல்லை என்று மதுமதி பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் எந்த டாக்டர் என்று வசந்தா அக்கா கேட்டார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள் இல்லையா, அந்த இடத்தில் பௌதிகம் பார்க்கிறவள் என்றாள். எங்கள் பக்கத்தில் அந்த வைத்தியத்துக்குக் கரண்ட் வைக்கிறது என்று பெயர். அன்றிலிருந்து அவள் பஜாருக்கே கரண்ட் வைக்கிற டாக்டராகிவிட்டாள். மாவு மில் தங்கராஜ், தன் மில்லுக்கு வோல்ட்டேஜ் ஏன் குறைகிறது என்று அவளைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் உட்கார்ந்து விலாவாரியாகப் பதில் சொன்னாள்.

எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். கட்டி எங்கே இருக்கிறது, அதற்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அந்த அளவு அந்த இடத்துக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும், பக்கத்தில் இருக்கிற நல்ல சதை வேகக்கூடாது. அதற்குக் கணக்குப் போடுகிறவள் என் அக்கா. மெஷின் சொன்னபடி கேட்கிறதா என்று காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பதும் அவள்தான். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் இந்த வேலை. அங்கேயே பாடம் எடுக்கிறாள், ஆராய்ச்சியும் பண்ணுகிறாள். இவ்வளவு செய்தும் நோயாளிகள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு டாக்டரைத் தெரியும், படுக்க வைக்கிற டெக்னீஷியனைத் தெரியும். உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பொம்பளை உட்கார்ந்து தங்களுக்காகத் தலையை உடைத்துக்கொள்வது தெரியாது.

ஒரு தடவை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நோயாளி இல்லாத நேரம். மெஷினுக்குக் கீழே ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறையத் தண்ணீர், அதற்குள்ளே ஒரு சின்னக் கம்பி. மனுஷ உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் முதலில் தண்ணீரில் அளந்து பார்க்கிறோம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். இதற்கா இவ்வளவு படிச்சே, நம்ம கடையிலேயே தண்ணி ஊத்திப் பாத்துகினுதானே இருந்தே என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். ஆமாண்டா, அதே வேலைதான், சம்பளம்தான் வேற என்றாள்.

எங்களுடையது பாத்திரக் கடை. இப்போது நான் நடத்துகிறேன், அப்போது எங்கள் அப்பா, நைனா கோவிந்தராஜ். குடமோ அண்டாவோ எது வாங்கினாலும் தண்ணீர் ஊற்றிக் காட்டாமல் நைனா கொடுக்க மாட்டார். ஒழுகாத பாத்திரம் என்று கம்பெனிக்காரன் சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார். பாத்திரத்தை நிரப்பி, பழைய பேப்பர் மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பேப்பர் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வேலை மதுமதியுடையது. நான் செய்தால் சீக்கிரம் தூக்கிவிடுவேன். அவள் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று தலையாட்டுவாள். முகூர்த்த சீசனில் கடையில் கூட்டம் நெரியும்போது அவள் இப்படி நிதானமாகப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நைனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நைனாவிடம் இரண்டு விஷயங்கள் பிரசித்தம். ஒன்று குரல். கடை வாசலில் நின்று, "ஊத்திப் பாத்து வாங்கும்மா" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டில் சிங்கவரம் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மைக் வைத்துக் கூவுகிற கடைக்காரர்கள் எல்லாம் அவர் முன்னால் சும்மா. இன்னொன்று முடி. வயசான பிறகும் அடர்த்தியாக, நரைத்து, பின்னால் வாரிவிட்ட முடி. சட்டைப் பையில் ஒரு சின்னச் சீப்பு எப்போதும் இருக்கும். வியாபாரம் இல்லாத மத்தியான நேரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டே இருப்பார். அம்மா ஞானம்பாள், இந்த வயசில் பெண் பார்க்கவா போறீங்க என்று கிண்டல் பண்ணுவார்.

மதுமதிக்கு அந்த முடி அப்படியே வந்திருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கல்லாவுக்குப் பின்னால் அவளை உட்கார வைத்து அம்மா பின்னிவிடுவார். அவள் மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். நான் வாசல் கூட்டுவேன். நைனா சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுவார். சாமி கும்பிட வா என்று கூப்பிட்டால், நீ எனக்கும் சேர்த்துக் கும்பிடு நைனா என்பாள். அந்த ஊதுவத்தி வாசனையும், புதுப் பித்தளை வாசனையும், அவள் தலை எண்ணெய் வாசனையும் சேர்ந்துதான் எனக்கு அந்தக் காலம். இப்போதும் கடை திறக்கும்போது சில நாள் அந்த வாசனை வருகிற மாதிரி இருக்கும். அவள் சென்னைக்குப் படிக்கப் போன பிறகு கடை எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அதை அவளிடம் நான் சொன்னதில்லை, சொன்னால் காலத்துக்கும் ஓட்டுவாள்.

கொரோனா எல்லாம் அடங்கி வியாபாரம் பழையபடி ஆன பிறகு ஒரு வருஷம் நைனாவின் குரல் கம்மியது. சளி என்று நினைத்தோம். மிளகு கஷாயம், அதிமதுரம் எல்லாம் ஆயிற்று. போனில் அவர் பேசியதைக் கேட்ட மதுமதி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குரல்வளையில் சின்னக் கட்டி. சீக்கிரம் பார்த்துவிட்டோம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கரண்ட் வைத்தால் கட்டியும் போகும், குரலும் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கரண்ட் பலிக்காவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். உயிர் இருக்கும், குரல் இருக்காது. இதைக் கேட்டதும் நைனா டாக்டரைப் பார்க்கவில்லை, மதுமதியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள், அந்தக் காலத்தில் பேப்பரைப் பார்த்துவிட்டு ஆட்டுவாளே, அதே மாதிரி.

ஆனால் நைனாவுக்கான கணக்கை அவள் போடவில்லை. சொந்த மனுஷனுக்குப் போட்டால் கை நடுங்கும், நடுங்காவிட்டாலும் நடுங்குகிற மாதிரி தோன்றும் என்று சொல்லி, கூட வேலை பார்க்கும் வெண்மதியிடம் ஒப்படைத்துவிட்டாள். காலையில் மெஷினைச் சோதிப்பதை மட்டும் விடவில்லை. நைனாவுக்கு என்று தனியாக ஏதாவது பண்றியா என்று கேட்டேன். எல்லாருக்கும் தினம் பண்றதைத்தான் பண்றேன், அதுவே அவருக்கும் போதும் என்றாள்.

கழுத்தில் கரண்ட் வைப்பதற்கு ஒரு மாஸ்க் செய்கிறார்கள். துளைத்துளையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்திலிருந்து தோள் வரைக்கும் போர்த்தி அழுத்தினால் அந்த ஆளின் அச்சாக இறுகிவிடும். தினமும் அதை மாட்டிப் பலகையோடு சேர்த்துப் பூட்டினால் தலை அசையாது. கணக்கு முழுக்க அந்த மாஸ்க்கை நம்பித்தான். மதுமதியின் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். உடம்பு இளைத்தால், முடி குறைந்தால் மாஸ்க் எவ்வளவு தளரும், தலை எவ்வளவு நகரும் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறாள். ஒரு நெல் மணி அகலம் நகர்ந்தால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் நைனாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். எடை குறையாமல் சாப்பிடணும், கழுத்தில் எண்ணெய் படக்கூடாது, வைத்தியம் முடிகிற வரைக்கும் தலைமுடியில் கை வைக்கக் கூடாது. நைனா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

வாரத்தில் ஐந்து நாள் நைனா பாண்டியில் அவள் வீட்டில் இருப்பார், சனிக்கிழமை இருவரும் செஞ்சிக்கு வருவார்கள். பாதி வைத்தியம் முடிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நைனாவைக் காணவில்லை. செருப்பு இல்லை, சீப்பு மட்டும் மேஜை மேல் இருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கேட்கக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். நோய் என்று தெரிந்த அன்றே நைனா மேல்மலையனூர் அம்மனுக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்டாராம், குரல் நிற்க வேண்டும் என்று. ஊரில் எல்லாரும் காரியம் முடிந்த பிறகுதான் மொட்டை போடுவார்கள். நைனாவுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், வைத்தியத்துக்கு நடுவில் வருகிற அமாவாசைக்கே கொடுக்கிறேன் என்று நாளும் சொல்லி வேண்டியிருக்கிறார். அன்றைக்கு அமாவாசை.

நான் பைக்கை எடுத்தேன். பின்னால் மதுமதி. வளத்தி ஊர் தாண்டும்வரை வண்டியை விரட்டினேன். எனக்கு வழியெல்லாம் கோபம். உலகத்தில் இருக்கிற மாஸ்க் எல்லாம் எப்படி நகரும் என்று தெரிந்தவளுக்கு, வீட்டில் ஒரு மனுஷன் நகர்வது தெரியவில்லையே என்று சொல்லவும் சொல்லிவிட்டேன். அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

அமாவாசைக் கூட்டம் காலையிலேயே சேரத் தொடங்கியிருந்தது. மொட்டை அடிக்கும் மண்டபத்தில் சீட்டைக் கையில் பிடித்தபடி நைனா வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுமதி அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"முடியில கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே நைனா."

"கடையில போயி வெட்டிக்கக் கூடாதுன்னு சொன்ன. இது அம்மனுக்குக் குடுக்கறது. அதுல ஒண்ணும் ஆவாது." அந்தக் குரல் குரலாகவே இல்லை. மூடிய பாத்திரத்துக்குள்ளேயிருந்து வருகிற மாதிரி இருந்தது.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். முடி போனால் பலகையில் தலை கீழே இறங்கும், மாஸ்க் தளரும். புதுசாக மாஸ்க் செய்யணும், ஸ்கேன் எடுக்கணும், வெண்மதி முதலிலிருந்து கணக்குப் போடணும். அதற்குள் சில நாள் போய்விடும். அந்த நாளில் கட்டி சும்மா இருக்காது, நடுவில் இடைவெளி விட்டால் வைத்தியம் பலிக்காமல் போகலாம். நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவருக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க ஒழுகுகிற பாத்திரத்தைக் கண்டுபிடித்த மனுஷன் அவர்.

"வாக்கு குடுத்துட்டேன்மா," என்றார். "கொரலுக்காகக் குடுத்த வாக்கு. அத மீறிட்டா கொரல் எப்படி நிக்கும்?"

நைனாவின் கண் நிறைந்துவிட்டது. பயந்துபோயிருந்தார். எங்கள் நைனா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் இருந்த ஆள் மொட்டையோடு எழுந்து போனார். நாவிதர் அடுத்து யார் என்று பார்த்தார். மதுமதி நைனாவின் கையிலிருந்த சீட்டை வாங்கி நாவிதரிடம் நீட்டினாள். அப்பாவுக்குப் பதிலாகப் பெண் கொடுத்தால் ஏற்குமா என்று கேட்டாள். பெத்தவங்களுக்காகப் புள்ளைங்க குடுக்கறதுதாம்மா இங்க ஜாஸ்தி, உக்காரு என்றார் அவர்.

நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேணாம்மா, வேணாம்மா என்றார். நாளைக்கு நூறு பேர் முன்னால் போய் நிற்க வேண்டியவள் என்றார். அவள் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் முடி எனக்கு வேணும் நைனா. இருக்கற மாதிரியே இருக்கணும். என்னுது எப்படி இருந்தா இன்னா?"

அவர் பிடி தளர்ந்தது. மொட்டை அடிப்பதற்கு முன்னால் தலையை நனைக்க வேண்டும். நாவிதர் சொம்பை எடுத்தார், நைனா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சின்ன வயசில் குளிப்பாட்டுகிற மாதிரி, நெற்றியில் ஒரு கையை வைத்து மறைத்துக்கொண்டு, கண்ணில் படாமல் தண்ணீர் ஊற்றினார். சொம்பு காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நைனாவின் தலையைப் பார்த்தார், மதுமதியின் தலையைப் பார்த்தார். அப்படியே நிலைவாசலில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் எழுந்து அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நைனாவைத் திட்டினார். மதுமதி தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு இட்லி சாப்பிட்டாள்.

மறுநாள் மாஸ்க் கச்சிதமாக உட்கார்ந்தது என்று வெண்மதி எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். மதுமதி காலையில் மெஷினைச் சோதித்துவிட்டு வெளியே வந்து, நைனாவை அழைத்துப்போக நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் நின்றிருக்கிறாள். கோட்டு போடவில்லை. ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்து, உனக்கு எங்கேம்மா என்று கேட்டாராம். அந்த இடத்தில் மொட்டைத் தலை என்றால் நோயாளி, வேறு அர்த்தம் கிடையாது. எனக்கு இல்லை, எங்க நைனாவுக்கு என்று சொல்லிவிட்டு மதுமதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மா தன் கதையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவரும் சொல்லியிருக்கிறார். எத்தனையோ வருஷமாக இவங்களுக்காகக் கணக்குப் போடறேன், ஒருத்தர் முகமும் எனக்குத் தெரிஞ்சதில்ல என்று அன்றைக்கு வெண்மதியிடம் சொன்னாளாம். முடி வளர்ந்த பிறகும் காலையில் கொஞ்ச நேரம் போய் அங்கே உட்காருவதை அவள் இன்னும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மொட்டைத் தலையோடு தைரியமாகச் சுற்றினவள், செஞ்சியில் மட்டும் முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டுதான் நடந்தாள். பஜார்க்காரர்கள் வாய் அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே தங்கராஜ், தினம் கரண்ட் பக்கத்திலேயே இருந்து டாக்டரம்மாவுக்கு முடி கொட்டிவிட்டது என்று கிளப்பிவிட்டிருந்தார்.

வைத்தியம் முடிந்தது. ஆனால் குரல் வரவில்லை, இருந்ததும் போய்விட்டது. வெந்த புண் ஆறினால்தான் தெரியும், கொஞ்ச நாள் பேசாமல் இருக்கணும் என்று டாக்டர் சொன்னார். நைனா கடையில் உட்கார்ந்து கையைக் காட்டியே வியாபாரம் பண்ணினார். கதிர் போன வழியில் பின்கழுத்துப் பக்கம் அவர் முடியும் கொஞ்சம் கொட்டியிருந்தது. அம்மனும் தன் பங்கை எடுத்துக்கொண்டாள் என்று ஜாடையில் காட்டிச் சிரிப்பார். மதுமதி சிரிக்க மாட்டாள். வாராவாரம் வந்துகொண்டிருந்தவள் வருவதைக் குறைத்தாள். போனில் என்னைத்தான் கேட்பாள், இன்னா, பேசினாரா என்று. இல்லக்கா என்பேன். வைத்துவிடுவாள். அவள் பயந்தது எனக்குத் தெரியும். நைனாவின் வாக்கை மாற்றியவள் அவள், குரல் வராமலே போய்விட்டால் அந்தக் கடைக்குள் அவளால் வர முடியாது.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. பஜாரில் கால் வைக்க இடமில்லை, கரும்பும் மஞ்சள் கொத்தும் குவிந்து கிடந்தன. நான் உள்ளே பொங்கல் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சிங்கவரத்துக்காரப் பெண்மணி ஒருத்தர் ஒரு பித்தளைப் பானையை எடுத்து, தட்டிப் பார்த்துவிட்டு, இது போதும் என்று பையில் போடப் போனார். நைனா எழுந்தார். கையைக் காட்டத்தான் எழுந்தார்.

"ஊத்திப் பாத்து வாங்கும்மா."

கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். மற்றபடி அதே குரல். எதிர்க்கடையில் வசந்தா அக்கா வளையல் அடுக்குவதை நிறுத்திவிட்டார். நான் கையிலிருந்த பானையை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

நாலு கடை தள்ளி, கூட்டத்துக்கு நடுவில் மதுமதி நின்றுகொண்டிருந்தாள். பாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தவள். தோளில் பை, தலையில் முக்காடு. ஜனங்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள், அவள் அசையவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. முந்தானையை வாய்க்கு இழுத்ததில் முக்காடு விழுந்துவிட்டது. விரற்கடை அளவு வளர்ந்திருந்த முடியோடு பஜாரே பார்க்க நின்றாள், எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

நைனா போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே, நெஞ்சுவலியில். கடைசிவரைக்கும் அந்தக் கட்டி திரும்ப வரவில்லை, குரலும் போகவில்லை. இன்றைக்கும் குடம் விற்கும்போது தண்ணீர் ஊற்றிப் பேப்பரைத் தூக்கிப் பார்க்கிறேன். நைனாவை நினைத்தால் வேறு எதுவும் எனக்கு முதலில் ஞாபகம் வருவதில்லை, அந்தச் சனிக்கிழமைதான் வரும். அவளைப் பார்த்துவிட்டு அவர் வாசல்படி இறங்கினார். வாடிக்கையாளரை மறந்தார். புண் இன்னும் ஆறவில்லை, குரலை உயர்த்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்தார். நாலு கடையும் தாண்டிக் கேட்கிற மாதிரி, சின்ன வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவளைக் கூப்பிடுவாரே, அதே மாதிரி கூப்பிட்டார்.

"மதுமதி, அங்க இன்னாம்மா நிக்கற? வா, வந்து இந்தப் பானையைப் பாரு."